கை நனையாத விருந்து

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஏன் பஜ்ஜியும் சொஜ்ஜியும்? நாளைக்குப் பந்தல் போட்டு ஊரையே கூட்டிச் சோறு போடத் தயாராக இருக்கிற பெண் வீட்டுக்காரருக்கு, வந்திருக்கும் ஏழெட்டுப் பேருக்கு இலை போடுவது பெரிய காரியம் இல்லை. ஆனாலும் அன்றைக்குச் சோறு கிடையாது. சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது பல குடும்பங்களில் இன்றும் வழக்கம். கை நனைப்பது என்றால் உட்கார்ந்து சாப்பிடுவது. ஒரு வீட்டுச் சோற்றில் கை நனைந்துவிட்டால் உறவு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம் ‘ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்’ என்று எழுந்து போவது அவ்வளவு சுலபம் இல்லை. பஜ்ஜியில் அந்தச் சிக்கல் இல்லை. விரல் நுனியால் எடுக்கலாம், கடிக்கலாம், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பலாம். சொஜ்ஜிக்கோ ஸ்பூன் போட்டுத் தந்துவிடுவார்கள். உபசாரமும் நடந்தது, கையும் நனையவில்லை.

நம் ஊரில் நொறுக்குத்தீனிக்கு என்று இருக்கிற மரியாதைகளை இந்த ஒரு முனையிலிருந்து பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது சாப்பாட்டுக் கணக்கில் வராத உணவு. நம்மவர் என்று இன்னும் சொல்ல முடியாத, வேற்றாள் என்று ஒதுக்கவும் முடியாத ஆட்களோடு சேர்ந்து தின்பது. வரப்போகும் சம்பந்தி, எதிர்வீட்டுக்காரர், ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர், டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். நெருக்கத்தையும் காட்ட வேண்டும், இடைவெளியையும் விட வேண்டும். இதில் உள்ள விதிகள் எல்லாம் அந்த இடைவெளியை அளந்து வைப்பதற்கு வந்தவை.

கணக்கில் வராது என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வது இல்லை. பலகாரம் என்ற சொல்லே பலாஹாரம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. பழ உணவு என்பது அதன் நேர்ப்பொருள். சோறு ஆகாத விரத நாளில் வயிற்றுக்குக் கொடுக்கிற லேசான ஆகாரம். அமாவாசை ராத்திரி ‘எனக்குப் பலகாரம்தான்’ என்று விரதம் போலச் சொல்லிவிட்டு, மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயோடு ஆறு இட்லி சாப்பிடுகிற தாத்தாக்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. அவர்கள் கணக்கில் சோறு மட்டும்தான் சாப்பாடு. டிபன் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் அதை மதிய உணவுக்குச் சொன்னார்கள். 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் அந்தப் பொருள்தான். தமிழ்நாட்டில் அது சோறு அல்லாத எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. காலையில் தின்றாலும் டிபன், ராத்திரி தின்றாலும் டிபன்.

இலையில் உட்கார்ந்தால் சட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. நுனி இடப்பக்கம், முதலில் வைப்பது இன்னது, பிறகு வருவது இன்னது, எழுந்திருக்கும்போது மடிக்கிற திசை எது என்று சண்டை போடுகிற அளவுக்குத் தெரியும். அதோடு, இலையில் விழுந்தது எல்லாம் அவரவருக்கே. பக்கத்து இலையில் கை வைக்க யாருக்கும் தோன்றாது. முறுக்குத் தட்டு அப்படி இல்லை. நடுவில் ஒரு தட்டு, சுற்றி ஐந்து பேர். எது வரைக்கும் பொது, எங்கிருந்து என்னுடையது என்று ஒவ்வொரு கை நீளும்போதும் முடிவாக வேண்டும். அந்த முடிவைச் சொல்வது எச்சில் என்ற சொல்.

எச்சம், எச்சில் இரண்டுமே ‘எஞ்சு’ என்ற வேரிலிருந்து வந்தவை. வாயில் ஊறுவது எச்சில். வாயில் பட்ட பண்டம் எச்சில். அந்தப் பண்டத்தைப் பிடித்த கை எச்சில் கை, அந்தக் கை தொட்ட கரண்டியும் எச்சில், எழுந்த பிறகு கிடக்கிற இலை எச்சில் இலை. தொட்டுத் தொட்டுப் பரவும். எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டான் என்று கஞ்சனைச் சொல்கிறோம். ஓட்டுகிற வேகத்தில் கையில் ஒட்டிய பருக்கை தெறித்துவிட்டால் நஷ்டம் பாருங்கள்.

முறுக்கு சாப்பிடுவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நல்ல கைமுறுக்கு ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று உள்ளங்கையை நிறைத்து நிற்கும். அதை அப்படியே எடுத்து ஓரத்தைக் கடித்துவிட்டு மீதியைப் பொதுத் தட்டில் வைக்கிறவரை எங்கள் பெரியம்மா ஒன்றும் சொல்லமாட்டார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். திரும்பி வருவது வேறு தட்டு. முறை என்னவென்றால், ஒன்றை எடுத்து, தனக்கு வைத்த சின்னத் தட்டுக்கு மேலே பிடித்து, உள்ளங்கையில் வைத்து ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். சுற்று பிரிந்து நாலைந்து துண்டாகும். ஒன்று வாய்க்கு, மற்றது தட்டில். உடைத்த துண்டைப் பக்கத்தில் இருக்கிறவருக்கு நீட்டலாம். கடித்த துண்டை நீட்டக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு துண்டுதான்.

இந்தச் சட்டத்தைப் பெரியவர்கள் சொல்லித் தருவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் கற்றுவிடுகிறார்கள். கடலைமிட்டாய் ஒன்று, பங்கு கேட்பவர்கள் மூன்று பேர், கத்தி இல்லை. சட்டை நுனியை மிட்டாய்மேல் போர்த்தி, துணியோடு சேர்த்துக் கடித்து உடைப்பதற்குக் காக்காக்கடி என்று பெயர். பல் பட்டது துணியில், ஆகவே மிட்டாயில் எச்சில் இல்லை. காலையிலிருந்து மண்ணில் புரண்ட சட்டை என்பது யார் கணக்கிலும் வராது. எச்சில் கணக்கும் கிருமிக் கணக்கும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது. பல சமயம் இரண்டும் ஒத்துப்போகும், அதனால் நம் முன்னோர்களுக்குக் கிருமி இயலே தெரிந்திருந்தது என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். காக்காக்கடி அங்கே இடிக்கிறது.

மிக்சருக்கு வருவோம். முறுக்கை உடைக்கலாம், மிக்சரை என்ன செய்வது? கொஞ்சத்தை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, கையை வாய்க்கு மேலே தூக்கி உள்ளே எறிவது பழைய பழக்கம். கை உதட்டில் படாது, அடுத்த முறையும் அதே கையை நீட்டலாம். வராதவர் செய்தால் பாதி ஓமப்பொடி சட்டைக்குள் போகும். அதனால்தான் இப்போது விருந்தாளிக்கு ஆளுக்கொரு கிண்ணம், உள்ளே ஒரு ஸ்பூன். பொதுத் தட்டாக வைத்தால் அதில் குத்தி வைத்த ஸ்பூன் தட்டிலிருந்து கைக்குத்தான், வாய்க்கு இல்லை. இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். நாலு பேரில் ஒருவர் அதே ஸ்பூனால் சாப்பிட்டுவிட்டு மறுபடி குத்தி வைப்பார், மற்ற மூன்று பேரும் அதோடு ‘போதும்’ என்பார்கள். விரலைவிட்டுத் துழாவி முந்திரியை மட்டும் பொறுக்குவது தனிக் குற்றம். பிள்ளை செய்தால் சிரிப்பு, பெரியவர் செய்தால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே பேச்சு. பெண் பார்க்கும் சினிமா காமெடி ஒன்றில் வாயைத் திறக்காமல் மிக்சர் தின்றுகொண்டே இருந்த ஒருவர் புண்ணியத்தில், நடப்பதில் தலையிடாமல் வேடிக்கை பார்ப்பதற்கே மிக்சர் சாப்பிடுவது என்று பெயர் வந்துவிட்டது. பாவம் மிக்சர்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? தொட்டுக்கொள்வது நம் பழக்கத்தில் எப்போதும் அவரவர் தட்டில்தான். சட்னியைக் கரண்டியால் எடுத்து இலையிலோ தட்டிலோ ஊற்றுவார்கள். பொதுக் கிண்ணத்தில் சட்னியை வைத்து நாலு பேர் பஜ்ஜியை முக்கிச் சாப்பிடுவது நம் வீடுகளில் கிடையாது. அதனால் கடித்ததைத் திரும்ப முக்காதே என்று ஒரு விதியும் நமக்குத் தேவைப்படவில்லை. பிரெஞ்சு பிரைஸும் நாச்சோஸும் வந்தபோது கூடவே நடுவில் ஒரு சாஸ் கிண்ணமும் வந்தது. அதற்கு நம்மிடம் சட்டம் இல்லை. அலுவலக விருந்துகளில் பார்க்கிறேன்: முதல் முக்கு எல்லோருக்கும் சுலபம், கடித்த பிறகு இரண்டாவது முக்கில்தான் கை அந்தரத்தில் நிற்கும். எனக்குத் தெரிந்த வழி, முதலிலேயே ஸ்பூனால் கொஞ்சம் சாஸை எடுத்துத் தன் தட்டோரம் விட்டுக்கொள்வது. சட்னிக்குச் செய்ததுதானே.

காப்பிக்கும் இதே கணக்குதான். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். சூடு தாங்காத விரலுக்குப் பிடி அது, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவும் வாகு. டவரா ஆற்றுவதற்கு. சிலர் டவராவிலேயே வாய் வைத்துக் குடிப்பார்கள், அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. தண்ணீர்ச் செம்பை அண்ணாந்து குடிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு காலத்தில் கல்யாண வீட்டில் தண்ணீர் கிடைப்பதே கஷ்டம். இப்போது ஆளுக்கொரு பாட்டில். பக்கத்தில் இருப்பவர் கேட்டால் ‘தூக்கிக் குடிங்க’ என்று சொல்வதா வேண்டாமா என்பதுதான் மிச்சம் இருக்கிற தர்மசங்கடம்.

காப்பியைத் தமிழில் குடிப்பதும் உண்டு, சாப்பிடுவதும் உண்டு. வந்தவரிடம் ‘காப்பி சாப்பிடுறீங்களா?’ என்று கேட்பது பழைய ஆட்களுக்குப் பிடிக்காது. கேள்வி என்று வந்துவிட்டால் ‘இல்ல, இப்பதான் குடிச்சேன்’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல மரியாதை இடம் கொடுக்காதே. நிஜமாகவே இப்போதுதான் குடித்தாரா என்பது அடுப்பு பற்ற வைத்தால்தான் தெரியும். அதனால் கேட்காமல் போட்டுக்கொண்டு வந்து வைப்பார்கள். கொஞ்சம் நயம் தெரிந்தவர்கள் ‘சர்க்கரை போடலாமா?’ என்று மட்டும் கேட்பார்கள். சர்க்கரை வியாதி இருக்கிறவருக்கும் வழி கிடைத்தது, வேண்டாம் என்று சொல்ல நினைத்தவருக்கு வழி அடைபட்டது. தட்டை மூன்று முறை நீட்ட வேண்டும், மூன்றாவது முறைதான் எடுக்க வேண்டும் என்பதும் இதே நாடகம்தான். வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இது புரிவதில்லை. முதல் ‘வேண்டாம்’ கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விருந்தாளி முறுக்கைப் பார்த்தபடியே இருக்கிறார்.

ரயிலில் இந்த நாடகம் இன்னும் சுருக்கம். பொட்டலத்தைப் பிரிக்கும் முன் எதிரில் இருப்பவரிடம் ‘சாப்பிடுங்க’ என்று நீட்ட வேண்டும். பார்க்கப் பார்க்கத் தின்றால் வயிறு வலிக்கும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் ‘பரவாயில்லைங்க’ என்று கையைக் காட்ட வேண்டும். மயக்க மருந்து பிஸ்கட் திருட்டுகளுக்குப் பிறகு, அறிமுகம் இல்லாதவர் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று ரயில்வேயே அறிவிக்கிறது. ஆனாலும் நீட்டுவது நிற்கவில்லை. வாங்கமாட்டார் என்று தெரிந்துதான் நீட்டுகிறோம்.

டீக்கடைக்கு வந்தால் நாடகம் இல்லை, நம்பிக்கை உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்தோ தாம்பாளத்திலிருந்தோ வடையை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்வார். யாரும் எண்ணுவதில்லை. கிளம்பும்போது ‘ரெண்டு வடை, ஒரு பஜ்ஜி, ஒரு டீ’ என்று அவரே கணக்குச் சொல்வார். ஒரே விதி, தொட்டது உனக்கு. மெதுவடை ஆறிப்போயிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வடையை எடுத்தால் மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். எடுத்த வடையைச் செய்தித்தாள் துண்டில் வைத்து, மேலே இன்னொரு துண்டை மூடி ஒரு அழுத்து அழுத்தினால், எண்ணெய் இறங்கித் தலைப்புச் செய்தி கண்ணாடி போலத் தெரியும். எனக்கும் பிடித்த காட்சிதான், ஆனால் கெட்ட பழக்கம். அச்சு மையில் காரீயம் போன்றவை இருக்கலாம், சூடான எண்ணெய்ப் பண்டம் அதை இழுத்துக்கொள்ளும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் வருட விதிகள் செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டுவதைத் தடை செய்கின்றன. ஓட்டல்களில் டிபன் தட்டின்மேல் விரித்த பிளாஸ்டிக் தாளும் அப்படித்தான் போனது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. தட்டு கழுவுகிற வேலை மிச்சம் என்று வந்த தாள் அது. முன்னால் சாப்பிட்டவர் எச்சில் நமக்கு வராது என்ற நிம்மதியையும் அது விற்றது.

அந்த நிம்மதிக்கு ஒரு அசிங்கமான பின்கதை இருக்கிறது. எச்சில் என்பது ஆளைப் பார்த்தும் அளக்கப்பட்டது. யார் வாய் வைத்த டம்ளரில் யார் குடிப்பது என்ற கேள்வி, டீக்கடைகளில் இரட்டைக் குவளையாக நின்றது. தலித் மக்களுக்குத் தனி டம்ளர், சில இடங்களில் சிரட்டை. குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். நகரத்துச் சிற்றுண்டிச் சாலைகளும் யோக்கியம் இல்லை. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941-ல்தான் போனது. ஓட்டல் பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதுவதை எதிர்த்து 1957-ல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் போராட்டம் நடத்தினார். அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பொது உணவகத்தில் இருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று 1955-ஆம் வருடச் சட்டம் பாத்திரத்தையே குறிப்பிட்டுச் சொல்கிறது. ஒரு டம்ளருக்காகச் சட்டம் எழுத வேண்டியிருந்த நாடு இது. பிறகு காகிதக் கப் வந்தது. எல்லோருக்கும் காகிதக் கப் என்றால் பேதம் மறைந்தது போல இருக்கும். சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்கு மட்டும் காகிதக் கப் என்று வைத்த கடைகளும் இருந்தன. ஆக, எச்சில் பார்ப்பது வெறும் சுத்தப் பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். வீட்டுக்குள் அது பண்பாக இருக்கலாம். அதையே வாசலுக்கு வெளியே ஆளைப் பிரிக்கிற கோலாகவும் எடுத்துப் போனார்கள்.

இலங்கையில் இதே டீக்கடை வேறு மாதிரி. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், கேட்காமலே ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், வடை என்று ஒரு தட்டு நிறைய மேசைக்கு வரும். அதற்கு ஷோர்ட் ஈட்ஸ் என்று பெயர். தின்றதற்கு மட்டும் காசு. மீதி உள்ளே போய் அடுத்த மேசைக்கு வரும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர், கொண்டு வந்து வைத்துவிட்டார்களே, மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு என்று எல்லாவற்றையும் தின்று தீர்ப்பதுண்டு. தொட்டது உனக்கு என்ற விதி அங்கேயும் உண்டு, அதனால்தான் அந்தத் தட்டு மேசை மேசையாகப் போக முடிகிறது. தொட்டுப் பார்த்து வைத்துவிட்டுப் போன முந்தைய ஆளை நினைத்தால் கொஞ்சம் யோசனைதான். இப்போது பல கடைகளில் இடுக்கி வந்துவிட்டது.

கடைசியாகத் தட்டு. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வைத்துத் துணி மூடி எதிர்வீட்டுக்கு அனுப்பினால், தட்டு சும்மா திரும்பி வராது. அவர்கள் வீட்டுப் பலகாரம் இருந்தால் அது வரும். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். வெறும் தட்டு கொடுப்பது வாசலைச் சாத்துகிற மாதிரி. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் வாணலி ஏறாது. அங்கே மற்றவர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், திரும்ப எதிர்பார்க்கமாட்டார்கள். அந்த ஒரு வருடம் மட்டும் தட்டு காலியாக வரலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நவராத்திரிச் சுண்டலும் ஒருகாலத்தில் தொன்னையில் கைக்கு வந்து அங்கேயே நின்று தின்றதுதான், இப்போது ஜிப் வைத்த கவரில் வெற்றிலை பாக்கோடு பைக்குள் போகிறது.

எங்கள் அடுக்ககத்தில் பலகாரம் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. ஓட்டல் பார்சல் வந்த டப்பா, கழுவித் துடைத்தது. ‘டப்பா வேண்டாம், வச்சுக்கோங்க’ என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். நமக்குச் சிரமம் வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனாலும் வீட்டில் அதைத் தூக்கிப் போட யாருக்கும் கை வருவதில்லை. சமையலறை அலமாரியின் மேல்தட்டில் அப்படி மூன்று இருக்கின்றன, ஒன்று போன தீபாவளியுடையது. காலியாகத் திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை. ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொண்டுபோனால், பெங்களூரிலிருந்து புதிதாக வந்த அந்தப் பெண், சர்க்கரை எதற்கு ஆண்ட்டி என்று கேட்பாள்.